பெயர் எழுதும் கை

காஞ்சிரங்குளத்திலும் பாறசாலையைச் சுற்றியுள்ள எல்லையோர ஊர்களிலும் இருப்பவர்களுக்கு வில்லுப்பாட்டில் வரும் கள்ளியங்காட்டு நீலியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. நீலியின் கதையை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டன.

அவளை நினைத்துக்கொண்டே ஒரு ஜப்பானியப் படத்தைப் பற்றிப் பேசுகிறேன். பெயர் 'டெத் நோட்'. சுகுமி ஓபா எழுதி, தகேஷி ஒபாட்டா வரைந்த மாங்கா, அதாவது சித்திரத் தொடர்கதை, 2003 முதல் 2006 வரை வார இதழில் வந்தது. 2006-லேயே ஷூசுகே கனேகோ அதை இரண்டு பாகப் படமாக எடுத்தார்.

லைட் யாகமி சட்டம் படிக்கும் மாணவன். தண்டனையில்லாமல் தப்பித்த ஒருவனைப் பார்த்து மனம் வெறுத்து, மழையில் சட்டப் புத்தகத்தைத் தூக்கி எறிகிறான். அங்கேயே ஒரு கறுப்பு நோட்டு கிடக்கிறது. ரியூக் என்ற மரண தேவதையுடையது. முகத்தை மனதில் நிறுத்திப் பெயரை எழுதினால், 40 நொடியில் அந்த ஆள் மாரடைப்பால் சாவான். லைட் குற்றவாளிகளின் பெயர்களை எழுதத் தொடங்குகிறான். கொஞ்ச நாளில் தன்னைத் தேடி வருபவர்களின் பெயர்களையும்.

எனக்கு இந்தப் படத்தில் உண்மையாகவே பயம் தந்தது ரியூக் அல்ல. அறைக்குள் உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்றபடியே லைட் பெயர் எழுதும் காட்சி. சாகிறவன் எங்கோ சாகிறான். இவன் கையில் மசிகூடப் படவில்லை.

நம் வில்லுப்பாட்டு நீலி அப்படியா? நம்பியவனே நகைக்காகக் கொன்ற பெண் அவள். பேயாகத் திரும்பி, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைக் கணவன் என்று சொல்லி ஊர்ச்சபை முன்னால் தானே வந்து நிற்கிறாள். எழுபது வேளாளர்கள் அவனை அவளோடு அனுப்பி, "அவனுக்கு ஒன்றும் வராது, வந்தால் எங்கள் உயிர் பிணை" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அவன் செத்தான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். தீர்ப்புத் தவறாகப் போனதற்குத் தீர்ப்புச் சொன்னவர்களே உயிர் கொடுத்த கதை இது. கொடைவிழா இரவுகளில் இந்த இடம் வரும்போது கூட்டம் அசையாமல் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

லைட் எதையும் பிணை வைக்கவில்லை. வைப்பவன் அவனைத் துரத்தும் துப்பறிவாளன் எல். முடிவைச் சொல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் முதலில் எழுதப்பட்ட மரணம்தான் செல்லும். அதனால் எல் தன் பெயரைத் தானே முன்கூட்டி எழுதிவிடுகிறான். பிறகு வேறு யார் எழுதினாலும் அவனைத் தொடாது. ஆனால் 23 நாளில் அவன் சாவது உறுதி. அந்த நாட்களுக்குள்தான் லைட் பிடிபடுகிறான்.