பத்து ரூபாய் தம்போலா

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்குப் "பொழுதுபோக்கு" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் செயலாளரிடம் சொன்ன தலைப்பு "சூதாட்டம்". மேடைக்கு ஆகாது என்று மாற்றிவிட்டார் போலிருக்கிறது. பாதகமில்லை, விஷயம் ஒன்றுதான்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் ஊர் அம்மன் கொடையில் ஒருவர் சாக்கை விரித்து லங்கர் கட்டை உருட்டிக்கொண்டிருந்தார். லங்கர் என்றால் நங்கூரம். ஆறு கட்டத்தில் ஆறு படம்: கிரீடம், நங்கூரம், அப்புறம் சீட்டுக்கட்டில் உள்ள ஆட்டீன், டைமண்ட், கிளாவர், இஸ்பேட். அதே ஆறு படமும் பொறித்த மூன்று கட்டையை டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார். நாம் காசு வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த அளவு லாபம். இரண்டில் விழுந்தால் இரட்டிப்பு, மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு. எனக்கு அப்பவே கணக்கில் ஆர்வம். ஆறு படம், மூன்று கட்டை, அப்படியானால் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மேலே இரட்டிப்பு வேறு கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். மண்ணெண்ணெய் வாங்க அம்மா கொடுத்த இரண்டு ரூபாய் கால் மணி நேரத்தில் போயிற்று. அன்றைக்கு ராத்திரி வீட்டில் விளக்கு எரியவில்லை. எனக்கு முதுகு எரிந்தது.

தப்பு எங்கே என்று புரிந்தது இந்தக் கல்லூரியில், இரண்டாம் ஆண்டு நிகழ்தகவு வகுப்பில்தான். எங்கள் பேராசிரியர் சாக்பீஸைக் கட்டை மாதிரிச் செதுக்கிக் கொண்டுவந்து மேஜையில் உருட்டினார். மூன்று கட்டை விழும் வகை மொத்தம் 216. அதில் நம் படம் ஒன்றில்கூட விழாதது 125. ஒன்றில் மட்டும் விழுவது 75, இரண்டில் 15, மூன்றிலும் விழுவது ஒரே ஒரு முறை. ஆட்டத்துக்கு ஒரு ரூபாயாக 216 ஆட்டம் வைத்தால் வருவது 75, 30, 3, ஆக 108 ரூபாய். போவது 125. பதினேழு ரூபாய் கட்டைக்காரருக்கு. நூற்றுக்குக் கிட்டத்தட்ட எட்டு. அவர் ஏமாற்றவே வேண்டியதில்லை, நேர்மையாக உருட்டினாலே போதும்! வெளிநாட்டு காசினோவில் 37 எண் உள்ள ரூலெட் சக்கரம்கூட நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசுதான் பிடிக்கிறது. எங்கள் ஊர்க் கொடை அதைவிடக் கறாரான காசினோ.

இவ்வளவு தெரிந்த நானே பின்னாளில் ஒரு ஆட்டக் கூட்டத்தை ஆரம்பித்து நடத்தினேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2020 மார்ச் ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தோம் அல்லவா? எங்கள் 1986 செட்டு நண்பர்கள் பன்னிரண்டு பேர் செல்போன் வழியாக ஞாயிறு சாயங்காலம் தம்போலா ஆட ஆரம்பித்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: டிக்கெட்டில் மூன்று வரிசை, ஒன்பது பத்தி, வரிசைக்கு ஐந்தாகப் பதினைந்து எண். 1 முதல் 90 வரை எண்களைக் குலுக்கிக் கூப்பிடுவார்கள். ஆறு டிக்கெட் கொண்ட முழுத் தாள் வாங்கினால் தொண்ணூறு எண்ணும் அதில் இருக்கும், எதைக் கூப்பிட்டாலும் அடிக்க ஒரு கட்டம் உண்டு. கூப்பிடுவது என் வேலை. 11 என்றால் "வார்டன் கையில் ரெண்டு கம்பு", 86 என்றால் "தப்பிச்ச வருஷம்", 35 என்றால் "பாஸ் மார்க்கு, ஆண்டவன் புண்ணியம்". சிரித்துச் சிரித்துக் கொரோனாவே மறந்துபோகும். கணவனை இழந்திருந்த ஒரு தோழி, வாரத்தில் தான் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு மணி நேரம்தான் என்று சொன்னார்.

டிக்கெட் பத்து ரூபாய். வசூலான பணம் அத்தனையும் பரிசு. ஆள் கூடக் கூட மற்ற செட்டுக்காரர்களும் வந்தார்கள். ஆறே மாதத்தில் 140 பேர். அப்போதுதான் ஒருவர், "எதுக்கு சும்மா ஆடணும்? நூத்துக்குப் பத்து எடுத்து வைப்போம், விடுதி மாணவர்களுக்கு உதவும்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். அந்த நிமிஷமே நாங்கள் கட்டைக்காரராக மாறிவிட்டோம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஜெயித்த பணத்தையே திரும்பத் திரும்பப் போட்டு ஆடும் கூட்டத்தில் நூற்றுக்குப் பத்து எடுத்தால், பத்தாவது சுற்று முடியும்போது நூறு ரூபாயில் மிஞ்சுவது 35 ரூபாய்தான்.

ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2021 மார்ச்சில் நிதியில் 11,400 ரூபாய் இருந்தது, இரண்டு மாணவர்களுக்கு விடுதிக் கட்டணம் கட்டினோம். உற்சாகம் பிய்த்துக்கொண்டது. மாதம் ஒரு குலுக்கல் சீட்டு போடலாம், குக்கர் பரிசு வைக்கலாம் என்றார் ஒருவர். ரூலெட்டும் லங்கரும் சேர்த்துச் செயலியே செய்து தருகிறேன் என்று ஒரு ஜூனியர் தம்பி வந்தார். விதிமுறை எழுத ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வாரம்தான் போன் வந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒருவனுடைய மனைவி. பெயர், துறை, அறை எண் எதுவும் சொல்ல மாட்டேன், யாரும் தேட வேண்டாம். இந்த அளவு சொல்வதும் அவன் சம்மதத்தோடுதான். "அண்ணே, ஒங்க ஞாயித்துக்கிழம ஆட்டம் எத்தன மணிக்கு முடியும்?" என்று கேட்டார். "ஏழு மணிக்கும்மா" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கதவ அடைச்சிக்கிட்டு இருக்காவளே. கேட்டா ஒங்க ஆட்டம்னுதான் சொல்லுதாவ" என்றார்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது பணம் கட்டி ஆடும் ரம்மி. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த ஆறு லட்சத்தில் நாலு லட்சம் போயிருந்தது. போதாக்குறைக்கு நம் ஆட்களிடமே ஆளுக்குத் தெரியாமல் ஆளிடம் கடன். எங்கள் பத்து ரூபாயால் அவன் கெட்டான் என்று நான் சொல்லவில்லை, அது உண்மையும் இல்லை. ஆனால் அவன் கதவை அடைத்துக்கொள்ள எங்கள் பெயர் உதவியது. "அவர் சூதா ஆடுறார்? காலேஜ் நண்பர்களோட தம்போலா ஆடுறார்" என்று ஒரு வருஷம் அந்த வீடு நம்பியது. விடிய விடிய எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் வக்கீலாக இருக்கும் செட்டு நண்பரிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் விளக்கிய பிறகுதான் 1930-ம் வருஷச் சூதாட்டச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில், கிளப் நடத்துபவர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்று இருப்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் நூற்றுக்குப் பத்து எந்தப் பக்கம் சேரும்? தம்போலாவில் திறமை என்று மருந்துக்கும் கிடையாது. குக்கர் குலுக்கலும் சட்டத்தின் கண்ணில் லாட்டரிதான். 1968-ல் அரசே லாட்டரி நடத்திய ஊர் இது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். 2003-ல் அதே லாட்டரிக்குத் தடை வந்தது. விற்பனைக்குப் போட்ட காரணத்தைவிட மூடியதற்கான காரணத்தை ஏழை வீடுகள் நன்றாக அறியும்.

அதற்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. 2022-ல் தமிழ்நாட்டுச் சட்டம், 2023-ல் அதன் மீது உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்ப்பதில்லை. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து இணையம் வழியாக ஆடும் ஆட்டத்தை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். காலையில் இறுதியாண்டு மாணவர் ஒருவர், "சின்னத் தொகைதானே சார், பத்து ரூபாய்க்கு ஒரு கேம் கம்பெனி ஆரம்பித்தால் என்ன?" என்று கேட்டார். தம்பி, சட்டம் பத்து ரூபாய்க்கு விலக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. சட்டத்தை விடு, உன் ஆட்டக்காரர்களில் எவன் வீட்டுக் கதவு ராத்திரி இரண்டு மணிக்கு அடைத்திருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? 140 பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த எனக்கே தெரியவில்லை.

நாங்கள் பணத்தை எடுத்துவிட்டோம். நிதிக்கு வேண்டியதை நன்கொடை என்று நேராகவே கேட்கிறோம். வெட்கமில்லாமல் கேட்டால் கிடைக்கிறது, சொல்லப்போனால் முன்னைவிடக் கூடவே கிடைக்கிறது. ஆட்டம் புளியங்கொட்டைக்கு. கூட்டம் 140-லிருந்து ஐம்பதாகக் குறைந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. போனவர்களில் சிலர் இன்றும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். "நீ பெரிய யோக்கியனாலே?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் தோழி தொடர்ந்து வருகிறார். நம் நண்பன் கடனில் பாதியை அடைத்துவிட்டான். மீதி இருக்கிறது. அவன் செல்போன் இப்போது மனைவியிடம். ஞாயிறு ஆறு மணிக்கு இருவரும் ஒரே டிக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்கிறார்கள், கதவு திறந்திருக்கிறது.

இன்று மாலை ஆறு மணிக்குப் பழைய விடுதி முற்றத்தில் தம்போலா உண்டு. டிக்கெட் இலவசம், ஆளுக்கு ஒன்றுதான். முதல் வரிசைக்குக் கால் கிலோ அல்வா. நம்பர் கூப்பிடுவது நான். 35 வந்தால் எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும்.