பழைய வெண்டிங் மிஷின் வாங்குமுன் கணக்குப் பாருங்கள்



ஓசூர், சூளகிரி, பாகலூர்ப் பக்கம் பயிற்சி வகுப்பு நடத்தப் போகும்போது, நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதைப் பற்றிப் பேசி முடித்த பிறகு ஓரிருவர் தனியே வந்து வேறொரு கேள்வி கேட்கின்றனர். "பெங்களூரில் பழைய வெண்டிங் மிஷின் மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்கி சிப்காட் கம்பெனியில் வைத்தால், வீட்டில் இருந்தபடியே பணம் வருமாமே! செய்யலாமா?" என்பதே அது. கேட்பவரிடம் இருப்பது பெரும்பாலும் நிலம் கொடுத்து வந்த தொகை, அல்லது நகையை வைத்துத் திரட்டிய பணம். உழவியல் சொல்லித் தருபவருக்கு இயந்திர வியாபாரத்தில் என்ன வேலை என்று எண்ண வேண்டாம். உழவர் வீட்டுப் பணம் எங்கே போகிறது என்பதும் எங்கள் கவலைதான்.

காசு போட்டால் பொருள் தரும் இயந்திரம் நமக்குப் புதிதன்று. இரயில் நிலையத்தில் ஏறி நின்று காசு போட்டு எடைச் சீட்டு வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். 2022-ஆம் ஆண்டு சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரம் வைக்கப்பட்டது. இன்று விலைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கண்ணாடிக்குப் பின்னே கம்பிச் சுருள்களில் பொட்டலங்களை வரிசையாகச் செருகி வைக்கும் பெரிய பெட்டி. மற்றது, பொடியையும் வெந்நீரையும் கலந்து தேநீர், காப்பி தரும் சிறிய மேசை இயந்திரம்.

முதலில் பெரிய பெட்டியின் கணக்கைப் பார்ப்போம். வெளிநாட்டில் இயந்திரக்காரர் கடை விலைக்கு மேல் வைத்து விற்கலாம். நம் நாட்டிலோ பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு காசும் வாங்கச் சட்டம் இடம் தராது. 10 ரூபாய் பிஸ்கட்டில் உங்களுக்கு 1 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 60 பொட்டலம் போனால் 60 ரூபாய். பெட்டி குளிரூட்டும் வகையாக இருந்து, நாளைக்கு 6 யூனிட் மின்சாரம் எடுத்து, யூனிட் 8 ரூபாய் என்றால் 48 ரூபாய் அதிலேயே போயிற்று. மீதி 12 ரூபாய். கெலமங்கலத்திலிருந்து வண்டியில் வந்து சரக்கு நிரப்பிப் போக அது பெட்ரோலுக்கும் காணாது. இடம் கொடுத்த கம்பெனிக்குப் பங்கு தரவேண்டுமானால் கைப்பணம்தான் போகும். பிறர் தயாரித்த பொட்டலத்தை ஒற்றை இயந்திரத்தில் விற்றுப் பிழைப்பது நம் பக்கத்தில் மிகக் கடினம் என்பது என் கருத்து.

விலையை நீங்களே வைக்கும் பொருளானால் கணக்கு மாறும். ஜப்பான் நாட்டு உழவர்கள் சாலையோரத்தில் சிறு சிறு அறைகளாகத் தடுத்த பெட்டியை வைத்து முட்டையும் காய்கறியும் விற்கின்றனர். காசு போட்டால் ஒரு கதவு திறக்கும், அவ்வளவுதான். அவர்கள் விற்பது சொந்த விளைச்சல். அதைப்போல் உங்கள் வீட்டு வறுத்த கடலை, கடலை மிட்டாய், கேழ்வரகு பிஸ்கட் ஆகியவற்றில் மிச்சம் உங்களுடையது. இவற்றுக்குக் குளிர்ச்சியும் தேவையில்லை. கம்ப்ரசரை நிறுத்திவிட்டால் மின்செலவு மிகச் சிறிதே. ஆனால் கடலையை நன்கு காயவைத்து, சொத்தையும் பூஞ்சையும் பொறுக்கி நீக்கியபின்தான் வறுக்க வேண்டும். வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னே பல நாள் கிடந்த கடலை காறிப்போகும். ஒருமுறை காறல் கடலை தின்றவர் மறுமுறை காசு போடமாட்டார்.

தேநீர் இயந்திரத்துக்கும் இதே வசதி உண்டு. குவளைத் தேநீருக்கு அச்சிட்ட விலை கிடையாது. 10 ரூபாய் தேநீரில் பொடிக்கு 4 ரூபாய் போனாலும் 6 ரூபாய் நிற்கும். நாளைக்கு 80 குவளை போனால் 480 ரூபாய். மின்சாரம், தண்ணீர், வண்டிச் செலவு, இடத்துக்கான பங்கு எல்லாம் போக ஏதோ மிஞ்சும்.

அந்த 80 குவளை எங்கே போகும் என்பதுதான் அடுத்த கேள்வி. பெரிய ஆலைகளுக்குள் உணவுக்கூடம் இருக்கிறது. அங்கே உங்களுக்கு வேலையில்லை. சாலையோரம் தேநீர்க் கடை இருக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். கடைக்காரர் சுடச்சுட ஆற்றித் தரும் தேநீருக்கு இயந்திரம் ஈடாகாது. பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு பட்டறைகளில் இரவு ஷிப்டு ஓடுகிறது. நள்ளிரவில் வெளியே கடை இராது. வாயிற்கதவைத் தாண்டிப் போகவும் விடமாட்டார்கள். பெண் தொழிலாளர் தங்கும் விடுதிகளும் அவ்விதமே. இடத்தை முதலில் பேசி, எத்தனை பேர், எத்தனை ஷிப்டு, விடுமுறை நாள் எவை என்று கேட்டு, மின்கட்டணம் யார் கட்டுவது என்பதையும் தாளில் எழுதி வாங்கிய பிறகே இயந்திரம் பார்க்கப் புறப்படுங்கள். மிஷினை வாங்கி வீட்டுத் திண்ணையில் போர்த்தி வைத்துவிட்டு இடம் தேடுவது, கன்றை வாங்கிய பின் தீவனம் தேடுவதைப் போன்றது.

பழைய இயந்திரத்தை மாடு பார்ப்பதைப் போலப் பார்க்க வேண்டும். ஓடாமல் நிற்கும் இயந்திரத்தை, "பியூஸ்தான் போயிருக்கிறது" என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். மின்சாரம் கொடுத்து அரை நாளாவது ஓடவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுருளையும் சுழற்றிப் பாருங்கள். பத்தில் இரண்டு சுழலாவிட்டால், மோட்டாருக்கும் போர்டுக்கும் ஆகும் செலவை விலையில் கழியுங்கள். உங்கள் கடலைப் பொட்டலத்தையே கையோடு எடுத்துப் போய்ச் செருகிப் பாருங்கள். சுருளின் இடைவெளி பொட்டலத்தின் கனத்துக்குப் பொருந்தாவிட்டால் பொருள் நடுவில் தொங்கும், காசு போட்டவர் இயந்திரத்தை உதைப்பார். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் ஓசூருக்கு வருவாரா என்றும் கேளுங்கள். இதற்கு நேரான பதில் சொல்லாதவரிடம் வாங்காமல் இருப்பதே நலம்.

காசு வாங்கும் பகுதியைத் தனியே சோதிக்க வேண்டும். நாணயத்தின் அளவு, கனம், உலோகம் ஆகியவற்றைக் கொண்டு இயந்திரம் அதை அடையாளம் காண்கிறது. நம் நாணயங்களோ பலமுறை மாறிவிட்டன. 10 ரூபாய் நாணயத்தில் மட்டும் 14 வடிவங்கள் உண்டு, அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018 ஜனவரியில் அறிவிக்க நேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரம் நம் காசையே அறியாது. இன்று பலர் கைப்பேசியில்தான் பணம் செலுத்துகின்றனர். எம்.டி.பி. என்னும் இணைப்பு உள்ள இயந்திரமானால் கியூ.ஆர். கருவியைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்; அது இல்லாததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.

தேநீர் இயந்திரத்தில் பார்க்க வேண்டியது கொதிகலன். உப்பு படிந்து வெள்ளைப் பாறையாக இருந்தால், சூடேற மின்சாரம் கூடுதலாகப் பிடிக்கும். நம் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் செயலுக்கு வந்தது. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே ஒகேனக்கல் நீரையோ சுத்திகரித்த நீரையோதான் ஊற்ற வேண்டும். பால்பொடி கலக்கும் கிண்ணத்தை நாள்தோறும் கழுவ வேண்டும். "வீட்டில் இருந்தபடியே வருமானம்" என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. தொழிலாளர்கள் தங்கள் எவர்சில்வர் தம்ளரைக் கொண்டுவரட்டும்; குவளைச் செலவும் உங்களுக்கு மிச்சம்.

கர்நாடகத்திலிருந்து கொண்டுவரும்போது விற்பனை ரசீது கையில் இருக்க வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேலானால் மின்வழிச் சீட்டு வேண்டுமா என்று விற்பவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். உணவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். பம்புசெட்டுக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தில் சாலையோரம் இயந்திரம் ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு வசூலிப்பார்கள்.

இத்தனையும் பார்த்த பின்பும் விருப்பம் இருந்தால் ஒரே ஒரு இயந்திரத்தோடு தொடங்குங்கள். ஐந்து வாங்கினால் விலை குறையும் என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை எடுத்து இதில் போடாதீர்கள். தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும், அடுத்த பருவத்துக்கு விதை வாங்கவும் கையில் இராது. ஆறு மாதம் ஒரு நோட்டில் தேதி வாரியாக வரவையும், செலவையும், வண்டி ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வாருங்கள். இரண்டாவது இயந்திரத்தைப் பற்றிப் பேச வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.