பொற்சமாதான விடுதி

உணவுச் சாலைக்கு உரிமையாளர் பெயரை இடுவது உலக வழக்கு. ஊரின் பெயரையோ தெருவின் பெயரையோ இடுவதும் உண்டு. கொடிய போரொன்று முடிந்ததே என்னும் ஆறுதலையே பெயராகப் பூண்ட போசனசாலை ஒன்று சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமில் இருக்கிறது. டென் யில்டெனே பிரேடன் என்பது அதன் பெயர். பொன்னான சமாதானம் என்பது அப்பெயரின் பொருள். 1722ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்விடுதி, இடையில் நலிவுற்ற காலம் உண்டெனினும், மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அதே கட்டடத்தில் உணவு படைத்து வருகிறது.

ஸ்டொக்ஹோமின் பழைய நகரம் ஒரு சிறு தீவின்மேல் அமைந்தது. அதன் கீழ்ப்புறத்தே ஓஸ்டர்லோங்காதன், அதாவது கிழக்கு நெடுந்தெரு, வளைந்து செல்கிறது. முற்காலத்தில் நகர மதிலுக்கு வெளியே, கரையை ஒட்டி, மாலுமிகளும் வணிகரும் நடமாடிய தெரு அது. அத்தெருவின் 51ஆம் இலக்க வீடே இவ்விடுதி. மேல் தளத்தில் பழைய பாணியில் அமைந்த அறைகள் உள்ளன. படிகளில் இறங்கினால், தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட நிலவறைகள். அங்கே மெழுகுதிரி ஒளியில் அமர்ந்து உண்பதையே பலர் விரும்புகின்றனர்.

சமாதானத்துக்குப் பொன் என்னும் அடைமொழி ஏன் வந்தது? 1700ஆம் ஆண்டில் தொடங்கிய வட பெரும்போர் இருபத்தோராண்டுகள் நீடித்தது. போரின் நடுவே, 1710ஆம் ஆண்டில், கொள்ளை நோய் தலைநகரைச் சூறையாடியது. 1718இல் பன்னிரண்டாம் கார்ல் மன்னன் நோர்வேக் கோட்டை ஒன்றை முற்றுகையிட்டபோது சுடப்பட்டு மாண்டான். மறு ஆண்டு ருஷ்யக் கப்பற்படையினர் சுவீடனின் கிழக்குக் கரையில் இறங்கி ஊர்களுக்குத் தீயிட்டனர். நொர்ஷேபிங் நகரம் எரிந்தது. இறுதியாக 1721இல் நிஸ்டாட் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சுவீடன் அதனால் பெற்றது நிலமன்று. லிவோனியா, எஸ்தோனியா, இங்ரியா முதலிய நாடுகளை அது இழந்தது. பேரரசு என்னும் பெருமையும் போயிற்று. ஆயினும் அடுத்த ஆண்டு திறந்த உணவு விடுதிக்குப் பொற்சமாதானம் என்றே பெயர் வழங்கிற்று. வென்றவர் சூட்டிய பெயரன்று அது. தோற்று இளைத்த நாட்டின் தலைநகரில் எழுந்த பெயர்.

சமாதானத்துக்கும் உணவு மேசைக்கும் உள்ள உறவை உணர வேண்டுமாயின் அந்நாட்டின் குளிரை நினைவிற்கொள்ள வேண்டும். மார்கழி நடுவில் ஸ்டொக்ஹோமில் பகற்பொழுது ஏறக்குறைய ஆறு மணி நேரமே. பல மாதங்கள் நிலம் உறைந்து கிடக்கும். கோடையில் விளைந்ததையும் கடலில் பிடித்ததையும் சேமித்து வைத்தாலன்றிக் குடும்பம் வசந்தத்தைக் காணாது. ஆதலின் உப்பிடுதல், புகையிடுதல், உலர்த்துதல், புளிக்கவைத்தல் என்பன அங்கே சமையல் நயங்களாகத் தோன்றியவை அல்ல. உயிர் காக்கும் உபாயங்களாகத் தோன்றியவை. கருவாடும் ஊறுகாயும் அறிந்த நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோடையில் வெப்பமேறாமலும் மாரியில் உறையாமலும் ஒரே அளவான குளிர்ச்சியோடிருக்கும் நிலவறை, இவ்வுபாயங்களுக்கெல்லாம் துணையாய் நின்றது. இன்று விருந்தினர் அமரும் இத்தகைய அறைகள் பண்டு பொருள் காப்பதற்கென்றே கட்டப்படுவன.

மீனைக் காக்க உப்பு வேண்டும். சுவீடனிலோ உப்பு விளைவதில்லை. போர்த்துக்கல் முதலிய தென்னாடுகளிலிருந்து கப்பலில் வரவேண்டும். கடலில் போர் மூண்டால் உப்புக் கப்பல் தடைப்படும். உப்புத் தடைப்பட்டால் மாரிக்கால உணவு தடைப்படும். எனவே சமாதானம் என்பது மன்னரும் மந்திரிகளும் கையொப்பமிடும் தாள் மாத்திரமன்று. ஏழை வீட்டு மீன் பீப்பாயின் அடிவரை எட்டுவது அது.

இவ்விடுதியின் மேசையில் அந்த வரலாற்றை இன்றும் சுவைத்துப் பார்க்கலாம். சாளை மீனுக்கு இனமான ஹெர்ரிங், காடியிலும் சர்க்கரையிலும் ஊறி முதலிலே வருகிறது. உப்பும் சர்க்கரையும் சதகுப்பை இலையும் இட்டுப் பதப்படுத்திய சால்மன் மீனுக்கு, புதைத்த சால்மன் என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. அதனை மண்ணில் குழி தோண்டிப் புளிக்கவைத்த காலத்தின் நினைவு அது. இறைச்சி உருண்டைகளோடு லிங்கன் என்னும் காட்டுப் பழத்தின் சிவந்த பாகு சேர்கிறது. இப்பழம் தன் இயல்பான புளிப்பாலேயே நெடுநாள் கெடாதிருப்பது.

பருவத்துக்கேற்ப உணவு மாறுவது சுவீடிய மேசையின் இயல்பு. பனி உருகியதும், காஞ்சொறி போலச் சுணைக்கும் நெட்டில் செடியின் இளந்தளிரைப் பறித்துச் சூப்புக் காய்ச்சுவர். அதுவே ஆண்டின் முதற் பச்சை. ஆனி மாதத்தில், இரவு இரவாகத் தோன்றாத நடுக்கோடைத் திருநாளில், புதிய உருளைக்கிழங்கும் ஹெர்ரிங்கும் புளித்த பாலாடையும் செம்புற்றுப் பழமும் விருந்தாகும். ஆகஸ்ட் மாதம் நன்னீர்ச் சிங்கிறாலுக்கு உரியது. 1907இல் தொற்றுநோயொன்று புகுந்து சுவீடனின் சிங்கிறால்களை அழிக்கத் தொடங்கிற்று. இனம் அழியாமற் காக்கும் பொருட்டு ஆகஸ்ட் வரை பிடித்தலாகாதென விதித்த கட்டுப்பாடு பின்னர் தளர்ந்துவிட்டது. ஆயினும் அம்மாதத்தில் கூடி உண்ணும் வழக்கம் நிலைத்துவிட்டது. இலையுதிர் காலத்தில் காட்டிலிருந்து மஞ்சள் காளானும், எல்க் என்னும் பெரிய மானின் இறைச்சியும் வரும். நத்தார்க் காலத்தில், உலர்ந்த மீனைக் கார நீரில் ஊறவைத்து, நன்னீரில் பலமுறை அலசி அவித்த பண்டம் தோன்றும். தவக்காலத்துக்கு முந்திய நாட்களில் ஏலக்காய் மணக்கும் செம்லா என்னும் பணியாரம் உண்பர். அடோல்ப் பிரெட்ரிக் மன்னன் 1771 பெப்ரவரி 12ஆம் நாள் பெருவிருந்துண்டு, முடிவில் பாலிலிட்ட இப்பணியாரத்தையும் அருந்தி, அன்றே இறந்தான் என்பது வரலாறு.

மன்னன் மிகையால் இறந்த நாட்டிலே குடிகள் குறைவால் இறந்ததும் உண்டு. 1867 முதல் 1869 வரை விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, மரப்பட்டையை இடித்து மாவிற் கலந்து ரொட்டி சுட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1920ஆம் ஆண்டளவு வரையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். பருவத்து உணவை அந்நாட்டார் மதித்துண்பதன் பின்னே இந்நினைவும் நிற்கிறது.

பொருளைக் காத்த இவ்விடுதியையும் ஒருவர் காக்க நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தாழ்ந்துபோயிற்று. மதுவடிசாலையில் உழைத்த ஓர் ஏழைப் பெண்ணின் மகனாக 1860இல் பிறந்து, அமெரிக்க சனாதிபதிகளையும் வரைந்து புகழெய்திய ஓவியர் அண்டேர்ஸ் சோர்ண், 1919இல் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவரது கொடையால் வீடு சுவீடிய அக்கடமிக்கு உரியதாயிற்று. 1922இல் விடுதி புத்துயிர் பெற்றது. குஸ்தாவ் மன்னன் 1786இல் நிறுவிய அக்கடமி அது. 1913இல் இரவீந்திரநாத் தாகூருக்கு நொபெல் பரிசை வழங்கியதும் அதுவே. அதன் ஆசனங்கள் பதினெட்டு. வியாழக்கிழமை தோறும் கூட்டம் முடிந்ததும் அங்கத்தவர்கள் இவ்விடுதிக்கு வந்து, பதினெட்டாம் நூற்றாண்டுப் பாடற்புலவர் பெல்மனின் பெயரைத் தாங்கிய அறையில் ஒருங்கிருந்து உண்பது வழக்கம். அதே வியாழனன்று சுவீடன் எங்கும் மஞ்சட் பட்டாணிச் சூப்பும் மெல்லிய அப்பமும் உண்பது பழைய மரபு. வெள்ளி உபவாசத்துக்கு முன் வயிறு நிறைய உண்ட கத்தோலிக்க காலத்து எச்சம் அது என்பர்.

சோர்ண் அவ்வீட்டை அரும்பொருட் காட்சிசாலையாக்கியிருக்கலாம். அப்போது கல்லும் மேசையும் எஞ்சியிருக்கும், அடுப்பு அவிந்திருக்கும். அடுப்பெரியும் வீடாகவே அது காக்கப்பட்டமையால், புலவரும் வழிப்போக்கரும் ஒரே கூரையின் கீழ் இன்றும் உண்கின்றனர். மேதையும் சுவையும் என்பது அக்கடமியின் வாசகம். 1814ஆம் ஆண்டுக்குப் பின் சுவீடன் தானாகப் போரில் இறங்கியதில்லை. நிஸ்டாட்டில் இழந்த நாடுகளின் பெயர்களை இன்று நினைப்பவர் சிலரே. அந்தப் போர் ஓய்ந்த ஆறுதலைப் பெயராகத் தாங்கிய நிலவறையிலோ, மாலைதோறும் மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. ஹெர்ரிங் மீன் மேசைக்கு வருகிறது.