குருதிக் குழாயின் சுவர்



குருதிக் குழாய் என்றதும் நம்மிற் பலர் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் றப்பர்க் குழாயையே நினைத்துக்கொள்கிறோம். நாடியின் சுவர் அத்தகையதன்று. அதன் நடுப்படையில் வட்டமாகச் சுற்றிய தசை உண்டு. அது சுருங்கினாற் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். அமுக்கம் மாறாதிருக்க, குழாயின் ஆரை பாதியானால் அதனூடு செல்லும் குருதி பாதியாவதில்லை. 16இல் ஒரு பங்காகிறது. ஆகவே சிறிது ஒடுங்குவதும் சிறிய காரியமன்று.

அத்தசையை ஏவுவது யார்? பிரெஞ்சு அறிஞர் குளோட் பேணாட் 1851இல் முயலொன்றின் கழுத்திற் செல்லும் பரிவு நரம்பை வெட்டினார். அப்பக்கத்துக் காது சிவந்து சூடேறிற்று. நரம்பின் ஏவல் நின்றதாற் குழாய்கள் விரிந்தன என்பது பின்னர் விளங்கியது. 1902இல் இங்கிலாந்தின் பெயிலிஸ் வேறொன்று கண்டார். அமுக்கம் கூடிச் சுவர் இழுபட்டால், நரம்பு ஏவாமலே தசை தானாகச் சுருங்கி எதிர்த்து நிற்கிறது.

நாம் மிக வியக்கும் செய்தியோ 1980இல் வந்தது. அமெரிக்காவில் றொபேட் பேர்ச்கொட் என்பவர் முயலின் பெருநாடியிலிருந்து வெட்டிய கீலங்களில் அசற்றைல்கோலின் என்னும் பொருளை இட்டு ஆராய்ந்துவந்தார். அவை சுருங்கின. உயிருள்ள உடலிலோ அதே பொருள் குழாய்களை விரிக்கிறது! ஏன் இந்த முரண்? கீலங்களை ஆயத்தஞ் செய்கையில் உட்புறம் உரசுப்பட்டு, ஒரே கலத் தடிப்புள்ள உட்படை உரிந்துபோனதே காரணம். அதனைக் கெடாமற் காத்தபோது கீலம் தளர்ந்தது. உரிந்த கீலத்தோடு உட்படையுள்ள கீலமொன்றை முகத்துக்கு முகம் பொருத்திவைக்க, உரிந்ததும் தளர்ந்தது. உட்படை ஏதோவொன்றைத் தசைக்கு அனுப்புகிறது என்பது இதனாற் பெறப்பட்டது. அது நைத்திரிக்கு ஒட்சைட்டு என்னும் வாயு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1998இல் அவருக்கும் இக்னாறோ, முறாட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசை நிறுவிய நோபலுக்கே, தைனமைற்றின் வெடிபொருளான நைத்திரோகிளிசரினை இருதய நோய்க்கு மருந்தாக வைத்தியர்கள் விதித்தனர். அந்த விந்தையை அவர் 1896இற் கடிதமொன்றில் எழுதினார். அம்மருந்து வேலைசெய்வதும் இவ்வாயுவினாலேயே.

இளைஞர்களே, சிகரெட்டுப் புகை சுவாசப்பையை மாத்திரம் கெடுப்பதன்று. இந்த உட்படையையும் கெடுக்கிறது. பெரியோர்களோ, "எனக்கு ஒரு நோவுமில்லையே" என்று குருதியமுக்கம் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதுண்டு. ஓயாத அமுக்கத்தை எதிர்த்து எதிர்த்துச் சுவர் தடிக்கிறது, உள்வழி ஒடுங்குகிறது. அப்போதும் பெரும்பாலும் நோவு தெரிவதில்லை. கையிற் பட்டி கட்டி அளந்தாலன்றி அதை அறிய வழியில்லை.