சிறு காரும் பெரிய பிறேக்கும்

வண்டியின் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் நிறுத்தத்தைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. ஆயினும் ஒரு மோட்டார் வண்டியின் தகுதியை அறிய விரும்புவோர், அது எத்துணை விரைவாக ஓடும் என்பதோடு, எத்துணைத் தூரத்துள் நிற்கும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். நகர வீதிகளுக்கென அமைந்த பழைய சிறு கார்களை வைத்திருப்போரிடையே, உள்ள பிறேக்கைக் கழற்றிவிட்டு அதனினும் பெரியதொன்றைப் பூட்டலாமா என்னும் வினா அடிக்கடி எழுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண, நேயர்கள் பலரும் அறிந்த மினி காரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மினி, 1959 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தில் வெளிவந்தது. நீளம் ஏறத்தாழ 3 மீற்றர். எடை ஏறத்தாழ 600 கிலோகிராம். சில்லுகளோ 10 அங்குலமே. நான்கு சில்லுகளிலும் டிறம் பிறேக்கே அமைந்திருந்தது. சில்லோடு சுழலும் ஓர் இரும்புக் கிண்ணத்தின் உள்ளே பிறை வடிவான இரு கட்டைகள் இருக்கும். மிதியை அழுத்தியதும் அவை விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை உராய்ந்து சில்லைத் தடுக்கும். இதுவே டிறம் பிறேக்கின் இயல்பு. டிஸ்க் பிறேக்கிலோ, சில்லோடு சுழலும் தட்டொன்றை இரு பட்டைகள் இரு புறமும் கௌவிப் பிடிக்கும். 1961 இல் வந்த மினி கூப்பரின் முன் சில்லுகளில் 7 அங்குலத் தட்டுகள் இடம்பெற்றன. 1963 இல் வந்த கூப்பர் எஸ் என்னும் வண்டியில் அவை 7.5 அங்குலமாகப் பெருகின. மிதிக்கும் காலுக்குத் துணை செய்யும் சேர்வோ என்னும் கருவியும் சேர்ந்தது. எஞ்சினின் வலு ஏறியபோது பிறேக்கின் வலுவும் ஏறியது என்பது இங்கே கருதத்தக்கது.

இனி, பிறேக் செய்யும் தொழில் யாது? வண்டியின் இயக்க ஆற்றலை அது வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு 800 கிலோகிராம் எடையுள்ள ஒரு மினி, மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்பதனால் உண்டாகும் வெப்பம், அரை லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இருமடங்கானால் இவ்வெப்பம் நான்கு மடங்காகும்.

ஆயினும் பிறேக் நிறுத்துவது சில்லை மட்டுமே. வண்டியை நிறுத்துவது ரயருக்கும் வீதிக்கும் உள்ள பிடிப்பு. உள்ள பிறேக்கே சில்லுகளை இறுக்கிப் பூட்டிவிடும் வலிமை உடையதாயின், அதனினும் வலிய பிறேக்கைப் பொருத்துவதனால் அவசர நிறுத்தத்தின் தூரம் குறையப்போவதில்லை. பூட்டிய சில்லு வழுக்கும். திருப்பும் வளையமும் பயனற்றுப் போகும். ஆதலின், ரயர் தேய்ந்தும் காய்ந்தும் இருக்கப் பெரிய பிறேக்கை வாங்குவது, உளுத்த கதவுக்குப் பெரிய பூட்டுப் போடுவதை ஒக்கும்.

அங்ஙனமாயின் டிஸ்க் பிறேக்கினால் பயனே இல்லையா? உண்டு. அப்பயன் தொடர்ந்து பிறேக் பிடிக்கும் இடத்திலே தோன்றும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டி, ஆயிரம் மீற்றருக்கும் மேலாகக் கீழிறங்குகிறது. ஆயிரம் மீற்றர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், முன்னர்க் கூறிய நிறுத்தத்தைப் போல் ஏறக்குறைய நாற்பது மடங்காகும். இதிற் காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளாத பங்கு முழுவதும் பிறேக்கையே சேரும். டிறம் சூடேறினால் விரிந்து கட்டைகளை விட்டு விலகும், மிதி ஆழமாக இறங்கும், உராய்வும் தளரும். டிஸ்க் தட்டோ காற்றுப்படத் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். மழைநீர் தேங்கிய வீதியைக் கடந்தாலும் நீரை விரைந்து உதறிவிடும். ஆயினும் எவ்வகைப் பிறேக்காயினும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவதே அறிவுடைமை.

எனவே, எஞ்சின் மாற்றப்படாமல், நகருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு முதலில் வேண்டுவது பழுதுபார்ப்பே. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை, புதியதாயின் 230 பாகைக்குக் குறையலாகாது; ஈரம் ஏறியபின் 155 பாகை வரையும் தாழக்கூடும். கொதித்து ஆவி உண்டாயின் மிதி வெறுமையாய் இறங்கிவிடும். ஆதலின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுதல் நன்று. வெடித்த இறப்பர்க் குழாய்கள், கசியும் சிலிண்டர்கள், ஒழுங்காக நெருக்கி வைக்கப்படாத கட்டைகள், பழைய ரயர்கள் ஆகியவற்றைச் சீர்செய்த பின்னரும் குறை தோன்றினால், அப்போதே மாற்றத்தைப் பற்றி எண்ணவேண்டும்.

எஞ்சினின் வலுவைக் கூட்டியோரும், நிறைந்த பாரத்தோடு மலைவீதிகளில் அடிக்கடி செல்வோரும் டிஸ்க் பிறேக்குக்கு மாறுவது தக்கதே. ஆனால் முன் சில்லின் தட்டுகளை மட்டும் வாங்கிப் பொருத்திவிட்டால் வேலை முடிந்துவிடாது. தலைமைச் சிலிண்டரும், பின் சில்லுகளுக்குச் செல்லும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் அதற்கு இசைந்திருத்தல் வேண்டும். இல்லையேல் முன்பின் சமநிலை குலையும். பின் சில்லு முந்திப் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். 1984 இல் மினிக்கு 8.4 அங்குலத் தட்டுகள் வந்தபோது சில்லுகளும் 12 அங்குலமாயின என்பதை மறத்தலாகாது. ஓர் உறுப்பை மாற்றினால் அதனைச் சார்ந்தவற்றையும் மாற்ற நேரும். செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தலும் கடன்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். பந்தைத் துரத்தி வீதிக்கு ஓடிவரும் பிள்ளைக்கும் வண்டிக்கும் இடையே சில வேளை அவ்வளவு தூரமே இருக்கும். கால் மிதியைத் தொடுமுன்னரே அத்தூரம் தீர்ந்துபோகலாம். உலகிலே மிகச் சிறந்த பிறேக்கும் அதனை மீட்டுத் தராது. செப்பமாகப் பேணிய பிறேக், பிடிப்புள்ள ரயர், அடங்கிய வேகம் ஆகிய மூன்றும் கூடிய சிறு கார், பெரிய பிறேக் பூட்டிய பேணாத காரினும் நம்பத்தக்கது. இம்மூன்றையும் முதலிலே தேடிக்கொண்டவர், நான்காவதாகப் பெரிய பிறேக்கைத் தேடலாம்.