காட்டுக்கோயிலும் ஒரு காம்பஸும்



கல்லூரியில் நான் ஏன் வரலாறு எடுத்தேன் என்று கேட்டார்கள். காரணம், ஒரு காம்பஸ்.

ஒன்பதாம் வகுப்பில் மயிலாப்பூர் லஸ் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு காலத்தில் சுற்றிலும் காடாம். அதனால் காட்டுக்கோயில் என்றும் பெயர். போர்ச்சுகீசியக் கல்வெட்டில் 1516 என்றிருக்கிறது. நான் என்ன செய்தேன்? பின்பக்கச் சுவரில் காம்பஸால் என் பெயரைக் கீறினேன்! முதல் எழுத்து பாதிதான். வாத்தியார் கையைப் பிடித்துவிட்டார். அடிக்கவில்லை.

"சென்னைப் பட்டணமே 1639-லதாண்டா. கழிச்சுச் சொல்லு."

"நூத்தி இருபத்திமூணு, சார்."

காம்பஸைப் பையில் போட்டுக்கொண்டார். டி.சி. வாங்கப் போன அன்றுதான் திருப்பித் தந்தார். இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. அந்த அரை எழுத்தின்மேல் எத்தனை தடவை வெள்ளையடித்தார்களோ! லஸ் பக்கம் போனால் அந்தச் சுவரோரம் நிற்க இன்னமும் கூச்சம்தான்.