‘எட்டாம் மாசம்னா அப்படித்தான்’: கடைசி மூணு மாசத்துல எது சகஜம், எது இல்லை?

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சற்றுச் செம்மைப்படுத்தப்பட்டுள்ளது.)

போன எபிசோட்ல அஞ்சாம் மாச ஸ்கேன் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி ஒண்ணுதான்: "கடைசி மூணு மாசத்துல அம்மாவுக்கும் குழந்தைக்கும் என்னெல்லாம் நடக்கும்?" இன்னைக்கு அதைப் பேசலாம். நான் டாக்டர் இல்லை, ஒன்றரை வயசுக் குழந்தையோட அம்மா. இங்கே சொல்றது பொதுவான விஷயங்கள். உங்க உடம்பு பற்றிய முடிவை உங்க டாக்டர்கிட்ட பேசித்தான் எடுக்கணும்.

ஒரு ராத்திரியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்கு அப்போ 33-வது வாரம். ஏழாம் மாசமே வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். கணவர் வேலைக்காக பெங்களூருல இருந்தார். தினமும் ராத்திரி சாப்பிட்டுப் படுத்தா உள்ளே ஒரு பெரிய ஆட்டம் நடக்கும். ஒன்பதரைக்கு ஆரம்பிச்சா பத்தரை வரைக்கும் உதையும் உருளலும்தான். அன்னைக்கு ஒன்பதரைக்கு ஒண்ணும் இல்லை. பத்தரைக்கும் இல்லை. ஐஸ் போட்ட ஜூஸ் குடிச்சேன், புரண்டு படுத்தேன், வயித்தைத் தட்டிப் பார்த்தேன். லேசா ஒரு அசைவு, அப்புறம் அமைதி.

பாட்டி சொன்னாங்க, "எட்டாம் மாசம்னா அப்படித்தான்டி. குழந்தை வளர்ந்துடுச்சு, உள்ளே இடம் பத்தாது, எப்படி அசையும்?" கேட்க நியாயமாத்தான் இருந்தது. அதை நம்பி இன்னும் ரெண்டு மணி நேரம் மொபைல்ல தேடிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அப்பா காரை எடுத்தார்.

அந்தக் கதைக்குக் கடைசியில திரும்ப வர்றேன். அதுக்கு முன்னாடி, இந்த மாசங்கள்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம்.

குழந்தைக்கு என்ன நடக்குது?

கடைசி மூணு மாசம்னா 28-வது வாரத்துல இருந்து பிரசவம் வரைக்கும். 28 வாரத்துல குழந்தை ஏறக்குறைய 1 கிலோ இருக்கும். பிறக்கும்போது நம்ம ஊர்ல பெரும்பாலான குழந்தைங்க இரண்டரைல இருந்து மூன்றரை கிலோ வரைக்கும் இருப்பாங்க. அதாவது எடையில பெரும்பகுதி இந்தப் பன்னிரண்டு வாரத்துலதான் ஏறுது.

எடை மட்டும் இல்லை. நுரையீரல் சுருங்கி ஒட்டிக்காம இருக்க ஒரு வழுவழுப்பான பொருள் அதுக்குள்ள சுரக்கணும். அது போதுமான அளவுக்கு வர்றது 34, 35 வாரத்தை ஒட்டித்தான். 35 வாரத்துல குழந்தையோட மூளை, 40 வாரத்துல இருக்கப்போற எடையில மூணுல ரெண்டு பங்குதான் இருக்கும். தோலுக்கு அடியில கொழுப்பு சேர்றது, அம்மாகிட்ட இருந்து இரும்புச்சத்தும் நோய் எதிர்ப்பு சக்தியும் குழந்தைக்குப் போறது, இதெல்லாம் அதிகமா நடக்குற காலமும் இதுதான். அதனாலதான் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையை விடாதீங்கன்னு சொல்றாங்க. அதை டீ, காபியோடயோ கால்சியம் மாத்திரையோடயோ சேர்த்துப் போடாதீங்க. உடம்பு எடுத்துக்கிற அளவு குறைஞ்சுடும்.

நம்ம வீடுகள்ல ஒரு நம்பிக்கை உண்டு: "ஏழாம் மாசம் பிறந்தா பிழைச்சுக்கும், எட்டாம் மாசம் பிறந்தா பிழைக்காது." இது தப்பு. உள்ளே கூடுதலா இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டாம் மாசத்துல பிறந்த குழந்தைக்கு ஏழாம் மாசக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகம்.

இதோட சேர்ந்த இன்னொரு விஷயம், நாள் நட்சத்திரம் பார்த்து சிசேரியன் பண்றது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல ஏறக்குறைய 45 சிசேரியன். அதுல தேவையானது நிறைய இருக்கு. சிசேரியன் பண்ணிக்கிட்டவங்க யாரும் குறைஞ்சவங்க இல்லை. ஆனா மருத்துவக் காரணம் எதுவும் இல்லாம, ஜாதகத்துக்காக மட்டும் 39 வாரத்துக்கு முன்னாடி குழந்தையை வெளியே எடுக்கச் சொல்லாதீங்க. மூச்சுத் திணறி, பச்சிளம் குழந்தைகள் ஐசியூ-வுக்குப் போக வேண்டிய வாய்ப்பு அதுல கூடுது.

அம்மாவுக்கு என்ன நடக்குது?

இது நீளமான பட்டியல். மாடி ஏறினா மூச்சு வாங்கும். நெஞ்செரிச்சல் வரும். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவீங்க. இடுப்பு வலி, நடு ராத்திரியில கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, சாயங்காலம் ஆனா கால் வீக்கம். சிலருக்கு இப்பவே மார்புல இருந்து மஞ்சளா கொஞ்சம் சீம்பால் கசியும். இதெல்லாம் பெரும்பாலும் சகஜம்.

அப்புறம் சூட்டு வலி. வயிறு முழுக்க கல்லு மாதிரி இறுகும், கொஞ்ச நேரத்துல விட்டுடும். தண்ணி குடிச்சு, நடந்து, இல்லைன்னா படுத்து நிலையை மாத்தினா அடங்கிடும். உண்மையான பிரசவ வலி அப்படி அடங்காது. இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரும், வலி கூடிக்கிட்டே போகும்.

தூங்கும்போது ஒருக்களிச்சுப் படுங்க. 28 வாரத்துக்கு மேல மல்லாந்து தூங்கினா, கனமான கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்கள் மேல அழுந்தி, குழந்தைக்குப் போற ரத்தம் குறையலாம். இடது பக்கம்தான் படுக்கணும்னு கட்டாயம் இல்லை, வலது பக்கமும் சரிதான். நடுவுல முழிச்சுப் பார்த்தா மல்லாந்து கிடக்குறீங்களா? பதறாம திரும்பிப் படுத்துக்குங்க, போதும்.

எதையெல்லாம் 'சகஜம்'னு விடக் கூடாது?

ஓய்வு எடுத்தும் போகாத தலைவலி. கண் மங்குறது, கண்ணு முன்னாடி பொறி பறக்குறது. வயித்தோட மேல் பகுதியில, விலா எலும்புக்குக் கீழே வலி. திடீர்னு முகமும் கையும் வீங்குறது. இதெல்லாம் ரத்த அழுத்தம் எகிறினதோட அறிகுறியா இருக்கலாம். பிபி 140/90-ஐத் தொட்டா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும்.

உள்ளங்கை, உள்ளங்கால்ல அரிப்பு, அதுவும் ராத்திரியில அதிகமா இருந்தா, "தோல் விரியுது, தேங்காய் எண்ணெய் தடவு"ன்னு விட்டுடாதீங்க. கல்லீரல் சம்பந்தப்பட்டதா இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனை தேவை. ரத்தப்போக்கு, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன்னாடி சீரான இடைவெளியில வலி, இதுக்கெல்லாம் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பனிக்குடம் உடைஞ்சா வலி இல்லைன்னாலும் கிளம்பிடணும். தண்ணி பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா அதையும் போன்லயே சொல்லிடுங்க.

இப்போ, குழந்தையோட அசைவு. இதுக்காகத்தான் இந்த எபிசோடே. கடைசி மாசத்துல அசைவோட விதம் மாறலாம். பளீர்னு உதைக்கிறதுக்குப் பதிலா உருள்ற மாதிரி, நெளியிற மாதிரி தெரியும். ஆனா அசைவு குறையக் கூடாது. பிரசவ நாள் வரைக்கும், வலி வந்த பிறகும்கூட, குழந்தை அசைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கணும். 'இடம் பத்தலை' என்பது காரணமே இல்லை.

குழந்தை உள்ளே தூங்கும், உண்மைதான். ஆனா ஒரு தூக்கம் பொதுவா 20ல இருந்து 40 நிமிஷம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுறது அபூர்வம். எத்தனை அசைவு எண்ணணும்னு ஒவ்வொரு டாக்டரும் ஒரு கணக்கு சொல்வாங்க, உங்க டாக்டர் சொன்னதையே பின்பற்றுங்க. அதைவிட முக்கியம், உங்க குழந்தையோட வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கிறது. சந்தேகம் வந்தா மொபைலை வெச்சுட்டு, இடது பக்கம் படுத்து, அசைவை மட்டும் கவனிங்க. ரெண்டு மணி நேரத்துல 10 அசைவு வரலைன்னா போன் பண்ணுங்க. அசைவே இல்லைன்னா அந்த ரெண்டு மணி நேரம்கூடக் காத்திருக்காதீங்க. வீட்டுல டாப்ளர் கருவி வாங்கி வெச்சுக்கிட்டு, துடிப்பு கேக்குதுன்னு நிம்மதி ஆகிடாதீங்க. பழக்கம் இல்லாத காதுக்கு நம்ம ரத்த ஓட்டமே குழந்தையோட துடிப்பு மாதிரி கேட்கும்.

அந்த ராத்திரியும், அதுக்கு அப்புறமும்

சரி, 33-வது வாரத்துக்குத் திரும்புவோம். ஆஸ்பத்திரியில டியூட்டியில இருந்தவங்க என்னைப் பார்த்ததும் கேட்டது, "இதுக்கா இந்த நேரத்துல வந்தீங்க?" வயித்துல பெல்ட் கட்டி, 20 நிமிஷம் துடிப்பைப் பதிவு பண்ணாங்க. எல்லாம் சரியா இருந்தது. பெல்ட் கட்டின அஞ்சாவது நிமிஷமே குழந்தை ஆட ஆரம்பிச்சது வேற விஷயம்! வீட்டுக்கு வரும்போது நிம்மதியைவிட வெட்கம்தான் அதிகமா இருந்தது.

அந்த வெட்கம்தான் ஆபத்து. ஏன்னா நாலு வாரம் கழிச்சு, 37-வது வாரத்துல, மறுபடியும் அதே மாதிரி ஆச்சு. அப்போ நான் யாருகிட்டயும் சொல்லலை. "திரும்பவும் போய் அவமானப்படணுமா?"ன்னு தோணுச்சு. சாயங்காலம் கணவர் வீடியோ கால்ல வழக்கம் போல "குட்டி ஆட்டம் போட்டுச்சா?"ன்னு கேட்டார். பதில் சொல்ல முடியாம அழுதுட்டேன். அவர், "திட்டினா திட்டட்டும், நீ கிளம்பு"ன்னார். போனேன். ஸ்கேன்ல பனிக்குட நீர் ரொம்பக் குறைஞ்சிருந்தது. அன்னைக்கே அட்மிட் பண்ணி, மருந்து கொடுத்து வலி வரவெச்சாங்க. மறுநாள் மதியம் பொண்ணு பிறந்தா. 2.4 கிலோ. இப்போ பக்கத்து ரூம்ல கரண்டியால தட்டிக்கிட்டு இருக்கா, சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கலாம்.

"ரெண்டாவது தடவையும் வந்தீங்களே, அதுதான் நல்லது"ன்னு எங்க டாக்டர் சொன்னாங்க. முதல் தடவை சரியா இருந்தது, இந்தத் தடவையும் சரியாத்தான் இருக்கும்னு அர்த்தம் இல்லையாம். திரும்பத் திரும்ப அசைவு குறையிறதைத்தான் அவங்க இன்னும் கவனமாப் பார்ப்பாங்களாம்.

கூட இருக்கிறவங்களுக்கு

கணவர்கள், அம்மாக்கள், தோழிகள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, உங்களுக்கு மூணு வேலை. ஒண்ணு, 34 வாரத்துக்குள்ள பையும் ஃபைலும் ரெடியா இருக்கட்டும். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, பிக்மி எண் எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அந்த பிக்மி எண்ணைக் கேட்பாங்க. ரெண்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வண்டி எடுப்பாங்கன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. வண்டி இல்லைன்னா 108. மூணு, அவங்க "என்னமோ சரியில்லை"ன்னு சொன்னா, "எல்லாருக்கும் அப்படித்தான்"னு சொல்லாதீங்க. செருப்பை மாட்டுங்க.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு உண்டு. அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம். டியூ டேட் வரைக்கும் இழுக்கணும்னு இல்லை. அந்தத் தேதியிலேயே சரியாப் பிறக்கிற குழந்தை ஏறக்குறைய இருபதுல ஒண்ணுதான்.

உங்க ஆஸ்பத்திரியோட பிரசவ வார்டு நம்பர் உங்க போன்ல இருக்கா? இல்லைன்னா இதை நிறுத்திட்டு இப்பவே சேவ் பண்ணிடுங்க. அடுத்த எபிசோட்ல பிரசவத்துக்கு அப்புறம் வர்ற முதல் ரெண்டு வாரத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்குங்க.